ஏழரை மணிச் செய்தியில் எழுவாய் எங்கே?

மதுரையில் வைகையின் வடகரையில் இருக்கும் எங்கள் பகுதிக் கேபிள் இணைப்பில் உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்று வருகிறது. நாள்தோறும் இரவு ஏழரை மணிக்கு அரை மணி நேரச் செய்தி ஒளிபரப்புகிறது. அதையே மறுநாள் காலையில் மறு ஒளிபரப்பும் செய்கிறது. இதற்கெனத் தனிக் கட்டணம் கிடையாது, மாதச் சந்தாவுக்குள் அடங்கிவிடுகிறது. சென்னையிலிருந்து வரும் பெரிய செய்தி அலைவரிசைகளுக்குச் சித்திரைத் திருவிழாவும் ஜல்லிக்கட்டும் வந்தால்தான் மதுரையின் நினைவு வரும் என்றிருக்க, செல்லூரில் உடைந்த குடிநீர்க் குழாயையும், மாட்டுத்தாவணிப் பூச்சந்தையின் அன்றைய விலையையும், மறுநாள் எந்தெந்தத் தெருவில் மின்சாரம் இருக்காது என்பதையும் சொல்வதற்கு ஓர் அலைவரிசை இருப்பது பேருதவி. செய்தி என்ற அளவில் இச்சேவைக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தாராளமாகக் கொடுப்பேன். தமிழ் என்ற அளவில் இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. அந்த இரண்டு மதிப்பெண்ணுக்கான காரணங்களையே இங்கே எழுதுகிறேன். நிலையத்தின் பெயரைக் குறிப்பிடப்போவதில்லை. இதே பிழைகளை இதைவிடப் பெரிய நிலையங்களிலும், அன்றாடம் கையில் எடுக்கும் நாளிதழ்களிலும் காண்கிறேன் என்பதால், ஒரு நிலையத்தை மட்டும் கூண்டில் ஏற்றுவது முறையாகாது.

நாளிதழ் அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்தியே வயதைக் கழித்தவன் நான். திரையில் ஓடும் எழுத்தையும் கண் தானாகத் துழாவும். ஆயினும் கண்ணில் பட்டவற்றையெல்லாம் எண்ணிக் குவித்து மதிப்பெண்ணைக் குறைப்பது நேர்மையாகாது. செய்தி என்பது அவசரத்தில் சமைத்து அவசரத்தில் பரிமாறும் பந்தி. இலையில் உப்பு வைக்கும் இடம் சற்று மாறினால் குடிமுழுகிவிடாது, பாயசத்தில் உப்பு விழுந்தால்தான் வம்பு. எனவே நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே: பிழையால் செய்தி மாறிப்போகிறதா? யார் செய்தார், யாருக்கு நேர்ந்தது, நடந்துவிட்டதா நடக்கப்போகிறதா என்பவற்றுள் ஒன்றேனும் குழம்பினால் அது பெரும் பிழை. இல்லையென்றால் சிறு பிழை. இப்படிப் பார்க்கும்போது, ஊரார் வழக்கமாகத் திட்டும் பிழைகளில் பெரும்பாலானவை சிறு பிழைகளாகச் சுருங்கிவிடுகின்றன. எவரும் கவனிக்காமல் கடந்துபோகும் சில பிழைகளோ பூதாகரமாக எழுந்து நிற்கின்றன. மதுரையில் பிழை என்ற பேச்சை எடுத்தாலே நக்கீரரை அழைத்து வருவது வழக்கம். அவரை இம்முறை விட்டுவிடலாம். செய்தி அறைக்கு இப்போது வேண்டியவர் புலவர் அல்லர், எழுதியதை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்கும் ஓர் ஆள்.

எங்கும் பரவியிருக்கும் பிழையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ‘ஆரப்பாளையத்திலிருந்து கூடுதல் பேருந்துகள் இயக்கப்படுகிறது’, ‘வாடிவாசலிலிருந்து காளைகள் அவிழ்த்து விடப்பட்டது’, ‘வைகையில் ஆகாயத்தாமரைச் செடிகள் அகற்றப்பட்டு வருகிறது’ என்று அஃறிணைப் பன்மை எழுவாய்க்கு ஒருமை வினையைக் கொடுப்பதே அது. இயக்கப்படுகின்றன, விடப்பட்டன, வருகின்றன என்று முடித்திருக்க வேண்டும். இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. நம் பேச்சுத் தமிழில் அஃறிணைப் பன்மைக்கெனத் தனி வினைமுற்று வழங்குவதில்லை. ‘மாடு வருது’ என்பவரே ‘மாடெல்லாம் வருது’ என்றும் சொல்கிறார். அவனியாபுரத்திலோ பாலமேட்டிலோ அலங்காநல்லூரிலோ எந்த மாட்டுக்காரரும் ‘மாடுகள் வருகின்றன’ என்று வாய்திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. வாய்க்குப் பழகாத வடிவத்தை எழுதும்போது மட்டும் நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே பத்துச் சொற்கள் புகுந்துவிட்டால் அந்த நினைவு நழுவிவிடுகிறது. குறுகிய வாக்கியங்களில் இந்நிலையம் தப்பித்துக்கொள்வதும் நீண்ட வாக்கியங்களில் மாட்டிக்கொள்வதும் இதனால்தான்.

எவரோ இதைச் சுட்டிக்காட்டியிருப்பார் போலும். சில காலமாகப் பன்மை விகுதி வேண்டாத இடங்களிலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ‘அணையிலிருந்து வினாடிக்கு இரண்டாயிரம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டுள்ளன’ என்று வாசிக்கிறார்கள். இரண்டாயிரம் என்பது அளவு; எழுவாய் தண்ணீர்; தண்ணீர் திறக்கப்பட்டுள்ளது என்பதே சரி. ‘ஒவ்வொரு வார்டுகளிலும் முகாம்கள் நடத்தப்படுகிறது’ என்ற வாக்கியமோ இருபுறமும் தவறிய அரிய வகை: ஒருமை வேண்டிய இடத்தில் பன்மையும், பன்மை வேண்டிய இடத்தில் ஒருமையும் இடம் மாறி அமர்ந்திருக்கின்றன. ‘ஒவ்வொரு வார்டிலும் முகாம்கள் நடத்தப்படுகின்றன’ என்றால் முடிந்தது. ‘அவைகள்’ என்பதும் இவ்வகையே. அவை என்பதே பன்மையாயிருக்க, அதன் தலையில் இன்னொரு ‘கள்’ எதற்கு? அதே வேளையில், ‘ஐந்து மாடு வந்தன’ என்று எழுதுபவரைத் திருத்த யாரும் கிளம்ப வேண்டாம். ‘கள்’ சேராத அஃறிணைப் பெயர் ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும். அது எந்தப் பால் என்பதை வினை காட்டிவிடும். தொல்காப்பியத்திலிருந்து நன்னூல் வரை ஒப்புக்கொண்ட வழக்கு இது. அதை ‘ஐந்து மாடுகள் வந்தது’ என்று ‘திருத்தி’ வைப்பவர்தாம் பிழை செய்கிறார். எப்படியாயினும், இவற்றால் செய்தி மாறுவதில்லை. என் அளவுகோலின்படி இவை சிறியவை. எண்ணிக்கையால்தான் காதைப் புண்ணாக்குகின்றன.

பெரும் பிழை எப்படி இருக்கும் என்பதற்கு, வைகையில் வெள்ளம் எதிர்பார்க்கப்பட்ட ஒரு மாலையில் திரையில் வந்த சிவப்புப் பட்டை ஒன்றே போதும். ஆண்டிபட்டிக்கு அருகே இருக்கும் வைகை அணையின் முழுக் கொள்ளளவு 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று படிப்படியாக அறிவிப்பார்கள். ஆற்றங்கரையில் குடியிருப்பவர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம். பட்டையில் இருந்த வாசகம் இது: ‘வைகை அணை நீர்மட்டம் 69 அடியை எட்டியதால் ஐந்து மாவட்ட கரையோர மக்கள் ஆற்றில் இறங்கவோ கடக்கவோ வேண்டாம் என எச்சரிக்கை விடப்பட்டு திறக்கப்பட்டுள்ளது.’

திறக்கப்பட்டது எது என்று இவ்வாக்கியத்தில் தேடிப் பாருங்கள். தண்ணீர் என்ற சொல்லே இல்லை. இலக்கணப்படி வினைமுற்றுக்கு அருகே எழுவாயைத் தேடினால் எச்சரிக்கைதான் கையில் சிக்குகிறது. எச்சரிக்கை விடப்பட்டது, எச்சரிக்கையே திறக்கவும் பட்டது என்றாகிறது. ‘ஆற்றில் இறங்கவோ கடக்கவோ’ என்பதில் ஓர் உருபை இரு வினைகளுக்குப் பொதுவாக்கியிருக்கிறார்கள். ஆற்றில் இறங்கலாம், ஆற்றைத்தான் கடக்க முடியும். ‘மாவட்டக் கரையோர’ என்று ஒற்று மிகாததை நான் கணக்கில் எடுக்கவில்லை. இவையெல்லாம் போகட்டும். பட்டையில் ‘திறக்கப்பட்டுள்ளது’ என்று ஓடிக்கொண்டிருக்க, வாசிப்பாளர் அதே நேரத்தில் ‘திறக்கப்பட உள்ளது’ என்று வாசித்தார். ஒன்று நடந்து முடிந்தது, மற்றது நடக்கவிருப்பது. ‘பட்டு’ என்பதற்கும் ‘பட’ என்பதற்கும் இடையிலுள்ள அந்தச் சிறு வேறுபாட்டில், யானைக்கல் தரைப்பாலத்தைக் கடந்து வீடு திரும்ப நேரம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி அடங்கியிருக்கிறது. கண்ணை நம்புவதா காதை நம்புவதா என்று தெரியாமல் எங்கள் தெருவில் இரண்டு பேர் பொதுப்பணித் துறை அலுவலகத்திற்குத் தொலைபேசியில் பேசிக் கேட்டார்கள். அறிவிக்க வேண்டிய பட்டை, விசாரிக்க வைத்துவிட்டது.

நானாக இருந்தால் அதை இப்படி உடைத்திருப்பேன்: ‘வைகை அணையின் நீர்மட்டம் 69 அடியை எட்டிவிட்டது. அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்பட உள்ளது. கரையோர மக்கள் ஆற்றில் இறங்க வேண்டாம். தரைப்பாலம் வழியாக ஆற்றைக் கடக்க வேண்டாம்.’ சொற்கள் பெரிதும் கூடவில்லை. எழுவாய் ஒவ்வொன்றும் தன் வினையோடு கைகோத்து நிற்கிறது.

எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடைக்கும் இந்த ஆசைதான் இந்நிலையத்தின் தலையாய நோய் என்பேன். செய்து, வந்து, மோதி, உடைத்து என்று வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போகும் வசதி தமிழில் உண்டு. அந்த வசதிக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சத்தைச் செய்தவரே இறுதி வினையையும் செய்திருக்க வேண்டும். ‘முதல்நிலை மூன்றும் வினைமுதல் முடிபின’ என்று தொல்காப்பியம் விதித்தது இதைத்தான். இந்த நிபந்தனையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குக் குற்றச் செய்திகளில் உதாரணங்கள் கொட்டிக் கிடக்கின்றன. ‘நகைக்கடையின் பூட்டை உடைத்து ஏழு பவுன் நகையைத் திருடிச் சென்று போலீசார் விசாரித்து வருகின்றனர்.’ பூட்டை உடைத்தவர்களும் நகையைத் திருடியவர்களும் யார் என்று இலக்கணத்தைக் கேட்டால், அது தயங்காமல் போலீசாரைக் கைகாட்டும். ‘மேலூர் அருகே கட்டுப்பாட்டை இழந்து பள்ளத்தில் கவிழ்ந்து ஓட்டுநர் உயிர் தப்பினார்’ என்பதில் கார் என்ற எழுவாயை விழுங்கிவிட்டதால், ஓட்டுநரே குட்டிக்கரணம் போட்டுப் பள்ளத்தில் விழுந்ததாகக் காட்சி விரிகிறது. கேட்பவர் சிரித்துவிட்டுச் சரியாகப் புரிந்துகொள்கிறார் என்பது உண்மைதான். ஆனால் புரிந்துகொள்ளும் பாரத்தை அவர் தலையில் ஏற்றியது யார்?

இந்த இடத்தில் கடும்போக்காளர்களோடும் நான் உடன்படவில்லை. ‘லாரி மோதி முதியவர் பலி’ என்ற தலைப்பைக் கண்டு, மோதியது லாரி, பலியானவர் முதியவர், எனவே எழுவாய் மாறிவிட்டது, இது பிழை என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். ‘ஞாயிறு பட்டு வந்தான்’ என்ற பழைய உதாரணம் அவர்களுக்கு மறந்துபோய்விட்டது. பட்டது ஞாயிறு, வந்தவன் அவன். ‘பட’ என்னும் பொருளில் ‘பட்டு’ நிற்கிறது. சொல் திரிந்தாலும் பொருள் திரியவில்லை என்று நன்னூலார் இதற்கு இடம் கொடுத்துவிட்டார். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்று நாம் பேசுவதும் இவ்வகையே. அங்கே எச்சத்திற்கு உரிய எழுவாயும் கண்முன் நிற்கிறது, முற்றுக்கு உரிய எழுவாயும் கண்முன் நிற்கிறது, காரணமும் விளைவும் தெளிவாயிருக்கின்றன. நகைக்கடைச் செய்தியில் எச்சத்தின் எழுவாயைக் காணவே காணோம். திருடர்களை இலக்கணத்திலும் தப்பவிட்டதுதான் அங்கே நடந்த குற்றம்.

‘காயமடைந்த’ என்பதுபோல் ஒரு பெயரைத் தழுவி நிற்கும் பெயரெச்சமும் இதே அளவு கவனம் கேட்கும் உறுப்பு. ஜல்லிக்கட்டுக் காலத்தில் ‘காளை முட்டியதில் காயமடைந்த மாடுபிடி வீரரின் அண்ணன் ராஜாஜி மருத்துவமனையில் அனுமதி’ என்று ஒரு செய்தி வந்தது. காயம் வீரருக்கா அண்ணனுக்கா? அண்ணன் வேடிக்கை பார்க்கப் போனவராக இருந்து அவரை மாடு முட்டியிருக்கலாம். காயம் பட்ட தம்பியைப் பார்க்க வந்த இடத்தில் அவருக்கு நெஞ்சு வலித்திருக்கலாம். உடன் காட்டிய படத்தை வைத்துத்தான் முன்னதே உண்மை என்று ஊகிக்க முடிந்தது. ‘மாடுபிடி வீரர் ஒருவரின் அண்ணனைக் காளை முட்டியது, அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்’ என்றிருந்தால் படமே தேவையில்லை. இதன் நெருங்கிய உறவினர் ‘தன்’ என்ற சொல். ‘அதிகாரி தனது வீட்டை இடித்துவிட்டதாக மூதாட்டி புகார்’ என்றால் வீடு யாருடையது? மூதாட்டியுடையது என்று பொது அறிவு சொல்கிறது. அதிகாரியுடையதாகவும் இருக்கலாம் என்று தமிழ் இடம் கொடுக்கிறது. ‘தன்’ அருகிலுள்ள எழுவாயையும் குறிக்கும், தொலைவிலுள்ள எழுவாயையும் குறிக்கும் என்பதால், இரண்டு ஆட்கள் வரும் வாக்கியத்தில் அதைப் புழங்குவதற்கு முன் ஒரு நொடி நிற்க வேண்டும். ‘மூதாட்டியின் வீட்டை அதிகாரி இடித்துவிட்டதாகப் புகார்’ என்று எழுத ஒரு செலவும் இல்லை.

எவரும் இலக்கணப் பிழை என்று கருதாத, எனக்கோ மிகவும் உறுத்துகின்ற ஒன்று விகுதியில் இருக்கிறது. இந்நிலையத்தின் செய்தியில் அரசியல்வாதி மீது வழக்குப் பதிவானால் ‘அவர் மீது விசாரணை நடத்தப்படுகிறது’ என்கிறார்கள். செல்போன் திருடியதாகப் பிடிபட்ட இளைஞர் என்றால் ‘அவனிடம் விசாரணை நடத்தப்படுகிறது’ என்கிறார்கள். இருவர் மீதும் குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது, இருவர் மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. தொழிலதிபர் ‘காலமானார்’, கட்டடத்திலிருந்து விழுந்த கொத்தனார் ‘இறந்தான்’. ஒரே செய்தியின் முதல் வரியில் ‘கூலித் தொழிலாளி உயிரிழந்தார்’ என்று தொடங்கி, நான்காவது வரியில் ‘இவனுக்கு இரண்டு குழந்தைகள்’ என்று இறங்கிவிடுவதும் உண்டு. ‘ஆர்’ என்று தொடங்கியதை ‘ஆர்’ என்றே முடிக்க வேண்டும் என்பது இலக்கணத்தின் எளிய கோரிக்கை. யாருக்கு ‘ஆர்’, யாருக்கு ‘ஆன்’ என்பதை அவரவர் வசதியை வைத்து முடிவு செய்யக்கூடாது என்பது அதற்கும் மேலான கோரிக்கை. மறுபுறம், ‘அமைச்சர் அவர்கள் திறந்து வைத்தார்’ என்று பெயருக்குக் கொடுத்த ‘கள்’ளை வினையில் பிடுங்கிக்கொள்கிறார்கள். ‘அமைச்சர் திறந்து வைத்தார்’ என்றாலே போதிய மரியாதை அடங்கிவிடும். அந்த ‘அவர்க’ளை எடுத்துக் கொத்தனார் குடும்பத்திற்குக் கொஞ்சம் கொடுத்திருக்கலாம்.

மேலோட்டமாகச் சொல்லிக் கடக்க வேண்டியவை சில இருக்கின்றன. ‘மேலூர், திருமங்கலம் மற்றும் உசிலம்பட்டி’ என்று மூச்சுக்கு முந்நூறு ‘மற்றும்’ வருகிறது. ‘மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி ஆகிய ஊர்களில்’ என்பது தமிழுக்கு இயல்பான நடை. ‘மின் விநியோகம் நிறுத்தம் செய்யப்படும்’ என்பதை ‘மின்சாரம் நிறுத்தப்படும்’ என்று இரண்டு சொற்களில் முடிக்கலாம். ‘ஆய்வு மேற்கொள்ளப்பட்டு வருகிறது’ என்றால் யார் ஆராய்கிறார் என்று எப்போதும் தெரியாது. சில சமயம் அது தெரியக் கூடாது என்பதற்காகவே அப்படி எழுதப்படுகிறதோ என்ற ஐயம் எனக்கு உண்டு. பதற்றம் ‘பதட்ட’மாகவும், சுவரில் ‘சுவற்றி’லாகவும், பொறுத்தவரை ‘பொருத்தவரை’யாகவும், முயன்றார் ‘முயற்சித்தா’ராகவும் வருவது நாளிதழ்களிலிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம். ‘அருகாமை’யைக் கண்டால் கொதித்தெழுவோர் உண்டு, ‘கல்லாமை’ என்பதைப் போல அது எதிர்மறையாகிவிடும் என்பது அவர்கள் வாதம். வாதம் சரியே. ஆயினும் அருகாமையில் இருக்கிறது என்று சொன்னால் தொலைவில் இருப்பதாக எவரும் புரிந்துகொள்வதில்லை என்பதால், நான் அதற்காக மதிப்பெண் குறைக்கவில்லை.

ஒற்றுப் பிழைக்கு வருகிறேன். இத்தனை நேரம் அதைத் தள்ளிவைத்ததற்குக் காரணம் உண்டு. இந்நிலையத்தைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் ஒற்றிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அங்கேயே முடித்தும் விடுகிறார்கள். ‘மல்லிகை பூ’, ‘ஐந்து அம்ச கோரிக்கை’, ‘வலைவீசி தேடி வருகின்றனர்’ என்று வல்லினம் மிக வேண்டிய இடங்களில் மிகாமல் வருவது அழகைக் கெடுக்கிறது, செய்தியைக் கெடுப்பதில்லை. ‘வாழ்த்துகளா’, ‘வாழ்த்துக்களா’ என்ற வழக்கு நம் தலைமுறையில் தீரப்போவதில்லை. இரண்டில் எதை எழுதினாலும் வாழ்த்து போய்ச் சேர்ந்துவிடும். நான் ‘வாழ்த்துகள்’ பக்கம். அதற்காகச் சண்டைக்குப் போக மாட்டேன். செய்திக்கு நடுவே வரும் உள்ளூர் விளம்பரங்களில்தான் ஒற்று தலைகீழாக நிற்கிறது. திருமண வாழ்த்துகளில் ‘திருவளர்ச்செல்வன்’, ‘திருநிறைச்செல்வி’ என்று தவறாமல் வருகிறது. வளர், நிறை என்பவை காலம் காட்டாமல் பெயரோடு சேரும் வினைத்தொகையாக நிற்பதால் அங்கே ‘ச்’ மிகாது. திருவளர்செல்வன், திருநிறைசெல்வி என்பவையே சரி. மிக வேண்டிய இடத்தில் கஞ்சத்தனம், மிகக் கூடாத இடத்தில் தாராளம். கண்ணீர் அஞ்சலி விளம்பரங்களில் ‘நினைவு கூறுகிறோம்’ என்று போடுகிறார்கள். நினைவுகூர்வது வேறு, நினைவைக் கூறுவது வேறு. ஆனால் துயரத்தில் இருக்கும் குடும்பம் எழுதிக் கொடுத்ததை அப்படியே போட்டிருப்பார்கள். அதில் சிவப்பு மையை நீட்ட எனக்கு விருப்பமில்லை.

உச்சரிப்பில் இந்நிலையத்தைப் பாராட்ட வேண்டும். வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்று சொல்லிப் பழகிய வட்டாரம் இது. இருந்தும் வார நாள்களில் வாசிக்கும் பெண்மணிக்கு ழகரம், ளகரம், லகரம் மூன்றும் தெளிவாகப் பிரிந்து வருகின்றன. றகரத்தையும் ரகரத்தையும் கலந்துவிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசிக்கும் இளைஞரோ ழகரம் வரவில்லை என்று எவரோ சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு ‘மக்கழ்’, ‘அவர்கழ்’ என்று ளகரங்களையெல்லாம் ழகரமாக்கிவிடுகிறார். பயத்தில் செய்யும் பிழை அது; பழகப் பழகச் சரியாகிவிடும். பூச்சந்தை நிலவரத்தை இருவருமே நன்றாக வாசிக்கிறார்கள். மல்லிகை, பிச்சி, முல்லை, சம்பங்கி என்று கிலோ விலையைச் சீராகச் சொல்லும் அந்த இரண்டு நிமிடங்கள்தாம் அரை மணி நேரத்தில் மிகத் தெளிவானவை. அட்டையில் ‘முன்னூறு’ என்று எழுதுகிறார்கள். முந்நூறு என்றிருக்க வேண்டும். ‘இருபத்தி ஐந்து’ என்கிறார்கள். இருபத்தைந்து என்றிருக்க வேண்டும். பூ வாங்குபவருக்கு அதனால் ஒரு ரூபாயும் நட்டமில்லை. அந்தப் பகுதி தெளிவாக இருப்பதற்குக் காரணத்தைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டாம்: அங்கே வாக்கியங்கள் மிகக் குறுகியவை.

வெள்ளப் பட்டை ஓடிய மறுநாள், திரையின் அடியில் காட்டும் எண்ணில் அழைத்தேன். எடுத்தவர் இளைஞர். “சொல்லுங்கய்யா, விளம்பரமாங்கய்யா?” என்றார். விளம்பரம் இல்லை தம்பி, செய்தியில் வருகிற தமிழைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன். கோபப்படாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டார். “நீங்க சொல்றது நியாயந்தாங்கய்யா. எழுதுறவர் வேற, வாசிக்கிறவங்க வேற, கீழ ஸ்க்ரோல் போடுற பையன் வேற. மூணையும் சேத்துப் பாக்குறதுக்கு இங்க ஆள் இல்ல” என்றார். நிருபர்கள் சம்பவ இடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார்கள். அதைக் கேட்டு ஒருவர் தட்டச்சு செய்கிறார். அதிலிருந்து சுருக்கி இன்னொருவர் பட்டை போடுகிறார். நிருபரின் பேச்சில் ‘பஸ்செல்லாம் ஓடுது’ என்றிருப்பது, ‘பேருந்துகள் இயக்கப்படுகிறது’ என்று சட்டை மாற்றிக்கொண்டு வரும் வழி இதுதான். உடை எழுத்துத் தமிழ், எலும்பு பேச்சுத் தமிழ். பட்டை போடும் பையன் இடம் போதாமல் சொற்களை வெட்டும்போது முதலில் பலியாவது எழுவாய். ஏனெனில் பேச்சில் எழுவாயை விட்டுவிட்டே நாம் பேசுகிறோம், எதிரில் இருப்பவருக்கும் புரிந்துவிடுகிறது. திரைக்கு எதிரில் இருப்பவருக்கு அந்தச் சூழல் தெரியாது.

திருச்சி வானொலியைக் கேட்டு வளர்ந்த என் போன்றவர்களுக்குச் செய்தித் தமிழ் என்றால் இப்போதும் ஒரு வடிவம் காதில் இருக்கிறது. 1939-இல் தொடங்கப்பட்ட அந்நிலையத்தின் வழியாக வந்த செய்திகளில் படம் இல்லை, பட்டை இல்லை. காதில் ஒருமுறை விழுந்ததும் புரிந்தாக வேண்டும். எனவே ஒரு வாக்கியத்தில் ஒரு செய்திக்கு மேல் வைக்க மாட்டார்கள். தொலைக்காட்சிக்குப் படம் கிடைத்ததும் வாக்கியத்திற்கு இருந்த பொறுப்பு குறைந்துவிட்டது. படம் பார்த்துக்கொள்ளும் என்ற தைரியத்தில் எழுதுகிறார்கள். தண்ணீர் இன்னும் வந்து சேராத ஆற்றைப் படம் பிடித்து, வருமா வந்துவிட்டதா என்று எப்படிக் காட்டுவது?

ஆள் இல்லை என்ற குறையை நீக்க இந்த ஊரில் வழி இல்லாமல் இல்லை. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழ்க் கல்லூரி நகருக்குள்ளேயே, தமிழ்ச் சங்கம் சாலையில் இருக்கிறது. அங்கே தமிழ் படிக்கும் மாணவர் ஒருவரை மாலையில் இரண்டு மணி நேரப் பகுதிநேர வேலைக்கு வைத்துக்கொண்டால் அவருக்கும் கைச்செலவுக்கு ஆகும், நிலையத்திற்கும் பெரிய பாரம் இல்லை. ஆனால் அவரிடம் சரியான வேலையைக் கொடுக்க வேண்டும். ‘க், ச், த், ப்’ போடும் பொறுப்பை மட்டும் கொடுத்தால் அவர் அதை ஒழுங்காகப் போட்டுவிடுவார், போலீசார் நகையைத் திருடுவது தொடரும். வாக்கியத்தை இரண்டாக வெட்டும் உரிமையும், எழுவாய் இல்லாத பட்டையைத் திருப்பி அனுப்பும் உரிமையும், வாசிப்பாளர் கையில் இருக்கும் தாளையும் திரையில் ஓடும் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் உரிமையும் அவருக்கு வேண்டும். தொலைபேசியில் பேசிய இளைஞரிடம் இதைச் சொன்னேன்; “மொதலாளிகிட்டச் சொல்றேங்கய்யா” என்றார். அதன் பிறகு வந்த எச்சரிக்கைப் பட்டைகளில் ‘தண்ணீர்’ என்ற சொல் இடம்பெறுகிறது. பேருந்துகள் இன்னும் ‘இயக்கப்படுகிறது’ நிலையில்தான் இருக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் இச்செய்தியைப் பார்க்கலாமா என்று கேட்டால், பார்க்கலாம் என்றே சொல்வேன். எங்கள் தெருவின் தண்ணீர் லாரி நேரத்தைச் சொல்ல வேறு நாதி இல்லை. பூ விலைக்கும், பேருந்து மாற்றத்திற்கும், மாநகராட்சி அறிவிப்புகளுக்கும் தாராளமாக நம்பலாம். குற்றச் செய்திகளையும் விபத்துச் செய்திகளையும் மட்டும், யார் யாரை என்ன செய்தார் என்பதை மறுநாள் நாளிதழில் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. மின்தடை அறிவிப்பில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இரவுச் செய்தியில் ‘நாளை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்தடை’ என்று தேதி போடாமல் வாசிப்பதை, மறுநாள் காலையில் அப்படியே மறு ஒளிபரப்புச் செய்கிறார்கள். காலையில் பார்ப்பவர்கள் ‘நாளை’ என்பதை ‘இன்று’ என்று வைத்துக்கொண்டு, எட்டரை மணிக்குள் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவிட வேண்டும்.